முதல்ல அந்தக் கம்பியைப் பிடி

மே 13, செவ்வாய் காலை
முதல் பூங்கா, காரின் முன் இருக்கை

அன்புள்ள மாஸ்டருக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்பது இங்கிருந்து பார்த்தாலே தெரிகிறது. முழங்கால் வரைக்கும் கூடாரத்துக்கு உள்ளேயும், அதற்குக் கீழே இருப்பது வெளியேயுமாகப் படுத்து நன்றாகக் குறட்டை விடுகிறீர்கள். இடது பாதத்தில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு சத்தம் கொடுத்தால் போதும், உதறிவிடுவீர்கள். கொடுக்க மாட்டேன். நேற்று மாலை சொன்னது சொன்னதுதான். நீங்கள் பதில் சொல்கிறவரை என் வாயிலிருந்து உங்களுக்கு ஒரு வார்த்தை கிடைக்காது. எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எதைக் கேட்டேன் என்றே நினைவில்லை என்று நாளைக்கு மழுப்புவீர்கள். ஆகவே ஆஸ்பத்திரியில் அடுத்த ஷிஃப்டுக்கு எழுதி வைப்பதுபோல எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். கடலோர ஊர் ஆஸ்பத்திரிக்கு என்னைத் தலைமை நர்ஸாகப் போட்டிருக்கிறார்கள். இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். நேர்வழியில் போனால் ஒரே நாள் பயணம். "இத்தனை வருஷத்துல உன்னை எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல. சுத்திப் போவோம். பூங்கா பூங்காவா கூடாரம் போட்டுத் தங்கி, கடலோர ஊரையெல்லாம் பாத்துட்டு, கடைசியா உன்னைக் கொண்டுபோய் இறக்கி விடுறேன்" என்று சொன்னது நீங்கள். இறக்கி விடுவீர்கள், சரி. நீங்களும் இறங்குவீர்களா, அல்லது அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு உங்கள் தையல் கடைக்குப் போய்விடுவீர்களா? அங்கே ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கேட்கிறார்கள். விடுதியில் ஓர் அறை போதுமா, குடும்பத்தோடு இருக்க வீடு ஒதுக்கவா என்று. நான் என்ன சொல்லட்டும்?

நேற்று இதைத்தான் கேட்டேன். நேரம் சரியில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். கூடாரத்தின் வளைவுக் கம்பி அதன் ஓட்டைக்குள் போக மறுத்துத் திமிறிக்கொண்டிருந்தது. ஆனாலும் கேட்டேன். "என்கூட வர்றீங்களா, இல்லையா?" நீங்கள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்ன பதில் இது: "முதல்ல அந்தக் கம்பியைப் பிடி."

கம்பியையும் பிடித்தேன். அது ஏன் உள்ளே போகவில்லை என்பது அப்புறம்தானே தெரிந்தது. புதுக் கூடாரத்தை நீங்கள் ஊரிலேயே இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துவிட்டிருக்கிறீர்கள். மனுஷனுக்கு இடுப்பில் பிடித்துத் தைப்பார்கள், கூடாரத்துக்கு யாராவது பிடிப்பார்களா?

பிரெட் பின்சீட்டில் இருக்கிறது. எறும்பு முழங்காலுக்கு வந்துவிட்டது.

இப்படிக்கு,
காருக்குள் தூங்கியவள்

---

மே 13, செவ்வாய் மாலை
கூடாரம், அல்லது அதில் மிஞ்சியிருப்பது

மதிப்பிற்குரிய தலைமை நர்ஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் காரின் வைப்பருக்கு அடியில் கிடைத்தது. நோட்டீஸ் என்று நினைத்துக் கசக்கப் போனேன், கையெழுத்தைப் பார்த்து நிறுத்தினேன். தாங்கள் பேசாவிட்டால் நானும் பேச மாட்டேன் என்று நேற்றே அறிவித்துவிட்டேன். அதில் எந்த மாற்றமும் இல்லை. எனக்கும் வீம்பு என்று ஒன்று உண்டு, அதையும் கூடவேதான் கொண்டுவந்திருக்கிறேன்.

கூடாரத்தைப் பற்றி ஒரு விளக்கம். அதை நம் கூடத்தில் விரித்துப் பார்த்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை. இரண்டு பக்கமும் தொளதொளவென்று தொங்கியது. தோளில் பிடிப்பே இல்லை. ஒரு தையல்காரன் ஊர் ஊராகப் போய் இப்படி ஒரு துணியை நாலு பேர் பார்க்க விரித்து வைப்பானா? சாக்பீஸ் போட்டேன், பிடித்தேன், அடித்தேன். கம்பியை மாட்டிப் பார்க்காமல் தைத்தது தவறு என்பாய். ஆளே வராமல், அளவுச் சட்டை ஒன்றை மட்டும் வைத்து மாப்பிள்ளைக்குக் கோட்டே தைத்துக் கொடுத்தவன் நான். கம்பிதான் உள்ளே இருக்கும் உடம்பு என்பது எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பிரித்துவிடுங்கள் என்று சைகை காட்டினாய். பிரிக்க முடியாது. மிச்சத் துணியை வெட்டிவிட்டேன். அதில் உன் பிளாஸ்குக்கு ஓர் உறை தைத்து, கைப்பிடியும் வைத்து, முன்சீட்டிலேயே வைத்திருக்கிறேன். அதன்மேல்தான் நேற்று ராத்திரி முழுக்கத் தலை வைத்துத் தூங்கினாய். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லலாம். பேச்சு நின்றுபோனதால் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் என் கைமெஷினைப் பார்த்துவிட்டு, எண்ணெய் ஒழுகி அரிசியில் பட்டுவிடப் போகிறது என்று இன்று சைகையிலேயே திட்டினாய். ஒழுகாது. துணி சுற்றித்தான் வைத்திருக்கிறேன்.

உன் கேள்வி கிடைத்தது. யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவித்த முட்டையில் உப்பு இல்லை.

இப்படிக்கு,
முழங்கால்வரை உள்ளே இருக்கும் கணவன்

பி.கு.: எறும்பு கடித்துவிட்டது.

---

மே 16, வெள்ளி
இரண்டாவது பூங்கா, ஏரிக்கரை

அன்புள்ள மாஸ்டருக்கு,

யோசியுங்கள். ஆனால் இன்று நடந்ததற்கு முழுப்பொறுப்பு நீங்கள்தான் என்பதை இப்போதே எழுதி வைக்கிறேன்.

வாசலில் வனக்காவலர் எத்தனை நாள் தங்குகிறோம் என்று கேட்டார். இரண்டு நாள் என்று நான் வாயெடுப்பதற்குள் நீங்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் "நான்கு" என்று எழுதி என்னிடம் நீட்டினீர்கள். நான் அதை அடித்து "இரண்டு" என்று எழுதித் திருப்பினேன். நீங்கள் மறுபடியும் அடித்தீர்கள். அந்தக் காகிதம் நமக்குள் போய்ப் போய் வந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவர் முகம் மாறியது. குரலே இல்லாமல் உதட்டை மட்டும் பெரிசாக அசைத்து, இரண்டு கைகளாலும் ஏரியை வரைந்து காட்டினார். நாம் வாய் பேச முடியாதவர்கள் என்று முடிவு செய்துவிட்டார், பாவம்.

நான் உண்மையைச் சொல்லத்தான் போனேன். அதற்குள் நமக்கு ஒதுக்கிய இடம் கண்ணில் பட்டது. தண்ணீர் ஓரம், நிழல், கைக்கெட்டும் தூரத்தில் குழாய். வேறு யாருக்கும் கொடுக்காத இடமாம். என் வாய் தானாக மூடிக்கொண்டது. நீங்களோ அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. உங்களை எந்த நாடகக் கம்பெனியும் இத்தனை வருஷம் கூப்பிடாமல் விட்டது ஆச்சரியம்தான்.

இப்போது நம் நிலைமையைப் பாருங்கள். பக்கத்துக் கூடாரத்தில் ரிட்டையர் ஆன பேங்க் மேனேஜரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். அந்த அம்மாள் நம்மைப் பார்த்துக் கண் கலங்கி, கொதிக்கக் கொதிக்க சூப் கொண்டுவந்து கொடுத்தாள். நான் நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினேன். நம் மகள் போன் செய்தபோது கழிப்பறைக்குப் பின்னால் போய் ஒளிந்து பேச வேண்டியிருந்தது. அப்பா எங்கே என்றாள். தூங்குகிறார் என்றேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் போனை எடுத்துக்கொண்டு அதே கழிப்பறைக்குப் பின்னால் போனீர்கள். அம்மா தூங்குகிறாள் என்று சொல்லியிருப்பீர்கள். ஊர் சுற்ற வந்து இரண்டு பேரும் பகலெல்லாம் தூங்குகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

சொல்லவும் முடியாமல், மெல்லவும் முடியாமல் இருக்கிறேன். பதில் எழுதினால் போதும், காகிதத்தில்தானே எழுதப் போகிறீர்கள்?

இப்படிக்கு,
சூப் குடித்தவள்

---

மே 19, திங்கள்
ஏரிக்கரை, பகல் பொழுது

மதிப்பிற்குரிய தலைமை நர்ஸ் அவர்களுக்கு,

நேற்று நீ என் செருப்புக்குள் வைத்த கடிதத்தில் பெரும்பகுதியை ஒரு மான் தின்றுவிட்டது. மிச்சம் கிடைத்த துண்டில் "நீங்கள் ஒரு" என்று மட்டும் இருக்கிறது. மீதியை எனக்குத் தெரிந்தவரை நிரப்பிக்கொண்டேன். நான் நிரப்பியது உன்னுடையதைவிட மோசமாக இருக்காது என்று நம்புகிறேன்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. கூடாரம் இப்போது முழு நீளம். பேங்க் மேனேஜர் தம் பழைய தரைவிரிப்பைக் கொடுத்தார், அதை வெட்டி நடுவில் ஒரு பட்டை கொடுத்துத் தைத்துவிட்டேன். பச்சைக் கூடாரத்தில் சிவப்புக் கட்டம் போட்ட பட்டை தனியாகத் தெரிகிறதுதான். ஆனால் என் கால் உள்ளே இருக்கிறது. இனிமேல் நீ காரில் கழுத்து சுளுக்கத் தூங்க வேண்டியதில்லை. வாசலுக்கு ஜிப் வைக்காமல் பட்டன் வைத்திருக்கிறேன், காஜா எல்லாம் கையால் போட்டது.

அதைப் பார்த்துவிட்டு மேனேஜர் தம் காற்சட்டையைக் கொண்டுவந்தார், இடுப்பில் விட்டுக் கொடுக்கச் சொல்லி. அப்புறம் படகு விடுகிறவர் துடுப்பு உறையோடு வந்தார். வனக்காவலர் தம் சீருடையில் தோள் இறக்கமாக இருக்கிறது என்று நடித்தே காட்டினார். தமக்குப் பேச வரும் என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. நேற்று முழுக்கக் கைமெஷினை அந்த மரப்பலகைமேல் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். வாய் பேசாத தையல்காரனிடம் யாரும் அவசரப்படுத்துவதில்லை, "நாளைக்கு வாங்க" என்று பொய் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. முதல் தடவையாக எல்லாருக்கும் சொன்ன நேரத்துக்குக் கொடுத்தேன். ஏரியைப் பார்த்துக்கொண்டு ஓரம் அடிப்பது எவ்வளவு சுகம் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

நீயும் சும்மா இல்லை, பார்த்தேன். படகுக்காரர் கையைக் கிழித்துக்கொண்டு வந்தபோது பெட்டியைத் திறந்து, கழுவி, கட்டுப் போட்டு, ஒரு வார்த்தை இல்லாமலே அவரை எப்படிப் பயமுறுத்தினாய். உன் கண்ணே போதும். அந்த ஆஸ்பத்திரி உன்னைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது.

நாளை கடற்கரைப் பக்கம் கிளம்புகிறோம். மேனேஜர் தம்பதியும் அதே வழியாம். ஆகவே ஊமை வேஷத்தை இன்னும் கலைக்க முடியாது.

கேள்வி நினைவிருக்கிறது.

இப்படிக்கு,
முழுக்க உள்ளே இருக்கும் கணவன்

---

மே 22, வியாழன் மாலை
கடலோரம், கூடாரத்தின் சிவப்புக் கட்டத்துக்குக் கீழே

அன்புள்ள மாஸ்டருக்கு,

கேள்வி நினைவிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நன்றி. பதில் எனக்கு இன்று கிடைத்துவிட்டது, நீங்கள் கொடுத்ததில்லை.

கடலைப் பார்த்ததும் எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. படகுத் துறையிலிருந்து கீழே இறங்கும் அந்தத் தெருவில் நடந்தோமே, வரிசையாக நீலக் கதவுகள், வாசலில் வலை காயப் போட்டிருந்தார்கள். என் வேலை ஊரும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் ஒரு கிழவர் சட்டையின் காலரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு வந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இவரோடு இந்த மாதிரி ஒரு தெருவில் காலம் தள்ளலாம் என்று தோன்றியது. இதெல்லாம் மத்தியானம்வரை.

மத்தியானம் மேனேஜர் மனைவி என்னிடம் ஒரு காகிதத்தைக் காட்டினாள். நீங்கள் இரண்டு பேரும் எங்கே போகிறீர்கள் என்று மேனேஜர் எழுதிக் கேட்டிருந்தார். கீழே உங்கள் கையெழுத்து: "இவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் ஊர் திரும்ப வேண்டும்." அந்த அம்மாள் என் தோளைத் தடவிக் கொடுத்தாள். எனக்கு ஏதோ தீராத நோய், அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் விடப் போகிறீர்கள் என்று நினைத்திருக்கிறாள். அவள் இன்று கொடுத்த சூப்பில் வழக்கத்தைவிடக் காய்கறி அதிகம்.

ஊரார் கேட்டால் உடனே எழுதித் தர முடிகிறது. கட்டிய மனைவி கேட்டால் யோசனை. முட்டையில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுவரை எழுதத் தெரிந்த உங்களுக்கு ஒரு வரி எழுத ஒன்பது நாள் போதவில்லை. பரவாயில்லை. கடையை விட்டு வர உங்களுக்கு மனமில்லை என்றால் அது ஒன்றும் குற்றமில்லை. நீங்கள் கட்டிய கடை. அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அதுதான் வலிக்கிறது.

நாளைக் காலை ஆஸ்பத்திரி அலுவலகம் திறந்ததும் போன் செய்து, விடுதியில் ஓர் அறை போதும் என்று சொல்லிவிடப் போகிறேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல். எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
கொண்டுபோய் விடப்பட வேண்டியவள்

---

மே 23, வெள்ளி, விடிந்ததும்
கடலோரம்

அம்மணி,

அலுவலகம் திறப்பதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்று முட்டை டப்பாவில் வைக்கிறேன். வேறு எங்கே வைத்தாலும் நீ தாமதமாகத்தான் பார்ப்பாய். மரியாதை எல்லாம் இன்று எழுத வரவில்லை, கோபமாக இருக்கிறேன்.

மேனேஜரிடம் வேறு என்ன எழுதச் சொல்கிறாய்? என்னை யாராவது அங்கே கூப்பிட்டார்களா?

நீ கேட்டாய், இல்லை என்று சொல்லவில்லை. "வர்றீங்களா, இல்லையா?" பஸ் கண்டக்டர் கேட்பார் இப்படி. ஊசியா மாத்திரையா என்று நீ வார்டில் கேட்பாயே, அந்தக் குரல். ஆர்டர் வந்த அன்று, மகளிடம் போனில் சொன்ன அன்று, பெட்டி கட்டிய அன்று, ஒவ்வொரு தடவையும் அதே கேள்விதான். நானும் ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன், அடுத்த வாக்கியம் வரும் என்று. வரவே இல்லை. என் கடைக்கு வந்து "தைப்பீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்கிறவனுக்கும் நான் தைத்துக் கொடுப்பேன். "மாஸ்டர், நீங்கதான் தைக்கணும்" என்று வந்து நிற்கிறவனுக்கு ராத்திரி பகல் பார்க்காமல் தைப்பேன். வித்தியாசம் உனக்குத் தெரியாதா?

அந்த ஊரில் நான் யார்? எந்தத் தெருவிலும் என்னை மாஸ்டர் என்று கூப்பிட ஆள் இருக்காது. நர்ஸம்மா வீட்டுக்காரர் என்பார்கள். இருந்துவிட்டுப் போகிறது, அதற்கும் நான் தயார்தான். ஆனால் வீட்டுக்காரர் வேண்டும் என்று நர்ஸம்மா ஒரு தடவை சொல்ல வேண்டாமா? கூப்பிடாமல் பின்னாலேயே வந்து, உன் வீட்டு மூலையில் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இவர் ஏன் வந்தார் என்று நீ ஒருநாள் நினைத்துவிட்டால் நான் எங்கே போவேன்?

ஊர் சுற்றப் போகிறவன் தையல் மெஷினை ஏன் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று நீ கேட்பாய் என்று நினைத்தேன். எண்ணெய் ஒழுகுமா என்று கேட்டாய்.

போன் செய்வதானால் செய்.

உன் கணவன்

---

மே 23, வெள்ளி, காலை
அடுப்புப் பக்கம்

அன்புள்ள உங்களுக்கு,

முட்டையை உடைக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு தடவை படித்தேன். மேனேஜர் மனைவி ஓடிவந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள், தப்பான இடத்தில். போன் செய்யவில்லை.

நீங்கள் சொன்னது சரி. நான் கூப்பிடவில்லை. ஏன் என்று கேளுங்கள். காலையிலிருந்து ராத்திரிவரை நான் வாயைத் திறந்தால் அது உத்தரவுதான். படு, எழுந்திரு, வாயைத் திற, மருந்தைக் குடி. என் குரலுக்கு டாக்டரே நகர்ந்து வழிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான் ஆகிவிட்டது, நான் ஒன்று சொன்னால் நீங்கள் முனகிக்கொண்டே செய்துவிடுவீர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொல்லி நீங்கள் வந்ததாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். "வாங்க" என்று நான் சொல்லி, நீங்கள் கடையைப் பூட்டிவிட்டு வந்து, அங்கே ஒருநாள் வேலை இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்த முதுகை என்னால் பார்க்க முடியாது. அதனால்தான் கேள்வியாகக் கேட்டேன். உங்கள் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். நீங்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நல்ல ஜோடி.

ஏரிக்கரையில் நீங்கள் மெஷினைச் சுற்றியதைப் பார்த்தேன். தூரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தேன். இவர் எங்கே உட்கார்ந்தாலும் அது கடைதான் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். ஆனாலும் அலுவலகத்துக்குப் போன் செய்து வீடு வேண்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் வராத பயம்.

எனக்கு நீங்கள் வேண்டும். விடுதி அறையில் ஒரு கட்டில் போதும் என்று எழுதினேனே, அதை எழுதிவிட்டு அழுதேன். டியூட்டி முடிந்து வந்தால் திட்டுவதற்கு ஆள் இல்லாத அறையில் நான் என்ன செய்வேன்? சோறு இறங்காது.

ஆனால் அந்த ஒரு வார்த்தையை எழுதித் தர மாட்டேன். எழுதிக் கொடுத்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாம் சண்டை போடும்போதெல்லாம் எடுத்து நீட்டுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும். வாயால்தான் சொல்வேன். அந்தப் பெரிய பாறைக்குப் பக்கத்தில் தண்ணீரில் கால் வைத்து நிற்கிறேன். வெளியே வந்து பாருங்கள். மேனேஜர் வீட்டில் என்ன நினைத்துக்கொண்டாலும் சரி, இனி சூப் இல்லாவிட்டாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

---

மே 26, திங்கள்
ஆஸ்பத்திரி வீடு, சமையலறை மேடை

என் அன்பு மனைவிக்கு,

பேச்சு திரும்பி மூன்று நாளாயிற்று, இன்னும் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ முதல் நாள் டியூட்டிக்குப் போயிருக்கிறாய். திரும்பி வரும்போது நான் இருக்க மாட்டேன், அதனால் எழுதுகிறேன். பயப்படாதே. ஊருக்குப் போய், வெட்டி வைத்த துணிகளைத் தைத்துக் கொடுத்துவிட்டு, கடையை அங்கே எனக்குக் காஜா போட்டுத் தருகிற உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, பெரிய மெஷினோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவேன். கைமெஷின் இங்கேயே இருக்கிறது. இனி எண்ணெய் ஒழுகினால் நீ தாராளமாகத் திட்டலாம்.

வீடு நன்றாக இருக்கிறது. முன்னறையில் தெருவைப் பார்த்த ஜன்னல் எனக்கு. திரைச்சீலை அரையடி குட்டை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போன அரை மணியில் பக்கத்து வீட்டம்மாள் வந்து, நர்ஸம்மா வீட்டுக்காரரா என்றாள். ஆமாம் என்றேன். அவள் ரவிக்கையில் இடது கை ஏறியிருந்தது. பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் கொண்டுவருகிறாளாம்.

மேனேஜர் மனைவி போன் செய்தாள். அன்று கடற்கரையில் நீ கத்தியதைக் கேட்டு அவள் கையிலிருந்த டம்ளர் விழுந்ததும், உனக்குக் குரல் வந்துவிட்டது என்று அவள் மணலில் உட்கார்ந்து அழுததும் உனக்குத் தெரியும். உண்மையை நாம் எடுத்துச் சொன்ன பிறகும் அவள் நம்பவில்லை. கடல் காற்றுதான் காரணம் என்கிறாள். தெரிந்தவர் ஒருவரை அந்தப் பாறைக்கு அழைத்துப் போகப் போகிறாளாம். மேனேஜர் மட்டும், காற்சட்டை இடுப்பு இப்போது சரியாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னார்.

நேரில் சொன்னால் நீ அடிப்பாய் என்பதால் ஒன்றை மட்டும் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.

அன்று நான் கூடாரத்திலிருந்து இறங்கி வந்தேன். நீ தண்ணீரில் நின்றுகொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, "வாங்க" என்றாய். நான் காதில் கை வைத்து, காற்றில் கேட்கவில்லை என்றேன். "என்கூட வாங்க" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னாய். அலை, ஒன்றும் விழவில்லை என்று தலையாட்டினேன். அப்புறம்தான் இரண்டு கைகளையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு, படகுத் துறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, "நீங்க இல்லாம என்னால முடியாது, என்கூட வந்து இருங்க" என்று கத்தினாய்.

அன்றைக்குக் காற்றே இல்லை. முதல் தடவையே எனக்கு நன்றாகக் கேட்டுவிட்டது.

உன்
கணவன்